அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஊழியரின் சமவாய்ப்பு உரிமை: கோரிக்கை மனு முதல் நீதிமன்றம் வரை, படிப்படியான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாநில அரசு அலுவலகம், உள்ளாட்சி அமைப்பு, அரசுப் பள்ளி, அரசுக் கழகம் ஆகியவற்றில் பணிபுரியும் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்காகவும், அவர்களுக்கு மனு எழுதித் தரும் சங்கப் பொறுப்பாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மத்திய அரசு ஊழியருக்கு நடைமுறை மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன். இரு தரப்பினருக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றே: 19.4.2017 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016.

சட்டம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் கோரிக்கை வைப்பதற்கு முன்பே புகார் கொடுப்பது, வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது, கீழ்நிலையை விட்டுவிட்டு நேராக மேல்நிலைக்குப் போவது என வரிசை குலைவதால்தான் நியாயமான மனுக்கள் பலவும் தோற்பதைப் பார்க்கிறேன். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. உங்கள் சிக்கல் எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள்

மூன்று வகைகள் உள்ளன. வேலையைச் செய்ய ஒரு வசதியோ மாற்றமோ தேவைப்படுவது முதல் வகை; இது 20(2) பிரிவின்கீழ் வரும். பதவி உயர்வு, பயிற்சி, பணி ஒதுக்கீடு போன்றவற்றில் குறைபாட்டைக் காட்டி ஒதுக்கப்படுவது இரண்டாவது. 20(1), 20(3) பிரிவுகள் இதற்கு உரியவை. பணியில் சேர்ந்த பிறகு விபத்தாலோ நோயாலோ மாற்றுத்திறனாளி ஆனவர்களின் நிலை மூன்றாவது. அவர்களைக் காப்பது 20(4).

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் 2(h) பிரிவு, நியாயமான வசதி ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதாவது, முதல் வகைக் கோரிக்கை மறுக்கப்பட்டால் அது அந்த நொடியே இரண்டாம் வகைப் புகாராகிவிடுகிறது. ஆனால் மறுப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமானால், அதற்கு முன் கோரிக்கை என்று ஒன்று இருந்ததை நீங்கள் காட்டியாக வேண்டும். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு புள்ளியின்மீதுதான் நிற்கின்றன.

சான்றிதழில் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பதால் தமக்கு உரிமையே இல்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுபவர்கள் பலர். 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கான எல்லை. வசதி ஏற்பாட்டுக்கு அது முன்நிபந்தனை அன்று. எழுதும்போது கைத்தசை இழுத்துக்கொள்ளும் குறைபாடு கொண்ட ஒரு தேர்வர், தேர்வெழுத உதவியாளர் கேட்டுத் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

ஒரு விதிவிலக்கையும் அறிந்திருங்கள். 20ஆம் பிரிவிலிருந்து சில பணிகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்களிக்க முடியும். மத்திய ஆயுதக் காவல் படைகளின் போரிடும் பணியிடங்களுக்கு 2021இல் அவ்வாறு விலக்கு அளிக்கப்பட்டது. சீருடைப் பணியில் இருப்பவர்கள் தம் பணியிடத்துக்கு விலக்கு அறிவிக்கை உண்டா என்று பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

2. மனு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், பணி நியமன ஆணை, தற்போது நீங்கள் பார்க்கும் வேலைகளைக் குறிப்பிடும் பணி ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றின் நகல்களை முதலில் எடுத்து வையுங்கள். பொதுப்பிரிவில் பணியில் சேர்ந்து பின்னர் சான்றிதழ் பெற்றவர்களின் பணிப்பதிவேட்டில் அந்த விவரம் பெரும்பாலும் ஏறியிருக்காது. அதைப் பதியக் கோரும் கடிதத்தைத் தனியாக, வசதி கேட்கும் மனுவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். "இவர் மாற்றுத்திறனாளி என்பதே எங்கள் பதிவில் இல்லை" என்ற பதில் பின்னால் வராமல் இருக்க இது உதவும்.

அடுத்தது மருத்துவரின் கடிதம். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் அலுவலகத்துக்கு எதையும் சொல்வதில்லை. அதைவிட ஆபத்தானது, "இவருக்கு இலகுவான வேலை அளிக்கவும்" என்று நல்லெண்ணத்துடன் எழுதித் தரப்படும் வரி. கோப்பைப் பார்க்கும் அலுவலர் அதை "இப்போதைய பணிக்கு இவர் தகுதியற்றவர்" என்று வாசிக்கக்கூடும். எந்தச் செயல், எந்த அளவுக்கு இயலாது என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். "தொடர்ந்து முப்பது நிமிடங்களுக்கு மேல் நிற்க இயலாது; உட்கார்ந்து செய்யும் பணிகளை முழு நேரமும் செய்யலாம்" என்ற வகையில் இருந்தால் போதும். இரண்டாவது பாதியை மறக்கவே கூடாது. முழுச் சிகிச்சைக் கோப்பையும் அலுவலகத்தில் ஒப்படைக்கத் தேவையில்லை. கோரிக்கைக்குத் தேவையான அளவு மட்டும் கொடுங்கள்.

3. பணி, தடை, தீர்வு என மூன்றையும் இணைத்து எழுதிப் பாருங்கள்

மனு எழுத உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவதில் உங்கள் அன்றாடப் பணி, அடுத்ததில் அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது, மூன்றாவதில் அந்தத் தடையை நீக்கும் மாற்றம். ஒவ்வொரு வசதியும் ஒரு குறிப்பிட்ட பணியோடு கட்டப்பட்டிருந்தால், "இது தனிப்பட்ட சலுகை" என்று ஒதுக்க முடியாது.

பார்வை குறைந்த இளநிலை உதவியாளர் ஒருவருக்குக் கணினியில் கோப்பு பார்ப்பதுதான் பணி. ஸ்கேன் செய்த படங்களாகவே கோப்புகள் வருவதால், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரை வாசிப்பு மென்பொருளால் அவற்றைப் படிக்க முடிவதில்லை. இங்கே அவர் கேட்க வேண்டியவை, பெரிய திரை, இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பு மென்பொருளை நிறுவ அனுமதி, தம் பிரிவுக்கு வரும் வரைவுகளை யூனிகோடு எழுத்துருவில் அனுப்ப ஓர் அறிவுறுத்தல் ஆகியவை. செவித்திறன் குறைந்தவருக்கு ஆய்வுக் கூட்டம்தான் தடை என்றால், பொருள் நிரலையும் முடிவுகளையும் எழுத்தில் தரக் கேட்கலாம். சைகை மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். பதிவறை மாடியில் இருந்தால், பதிவேடுகளை எடுத்துத் தருபவர் யார் என்பதை ஓர் அலுவலக ஆணையில் குறிப்பிடும்படி கேட்க வேண்டும். "யாராவது எடுத்துத் தருவார்கள்" என்ற ஏற்பாடு, அந்த யாராவது விடுப்பில் போகும் நாளில் முடிந்துவிடும்.

கட்டடம் பற்றிய குறை என்றால் அளவுகளோடு எழுதுங்கள். சாய்தளம் கட்டியாகிவிட்டது என்று அறிக்கை போய்விட்ட ஓர் அலுவலகத்தில், சாய்தளத்தின் மேல்முனைக்கும் வாசல் நிலைக்கும் இடையே நான்கு அங்குலப் படி ஒன்று அப்படியே விடப்பட்டிருந்தது. சக்கர நாற்காலியை ஒவ்வொரு காலையும் இருவர் பிடித்துத் தூக்கினார்கள். "சாய்தளம் சரியில்லை" என்ற மனு பலனளிக்கவில்லை; அளவு நாடாவை அந்தப் படியின் ஓரத்தில் வைத்து எடுத்த புகைப்படத்துடன் போன மனுவுக்குத்தான் ஆள் வந்து பார்த்தார்கள். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளச் சாய்வு என்பதே பொதுவான அளவுகோல். உங்கள் அலுவலகத்தில் இருப்பதையும் அளந்து குறியுங்கள்.

சட்டம் கேட்பது அளவுமீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றங்களைத்தான். ஆகவே இரண்டு மாற்று வழிகளை எழுதி, செலவில்லாததை முதலில் வையுங்கள். நிதி இல்லை என்ற பதில் அப்போது பொருந்தாமல் போகும்.

4. கோரிக்கை மனுவை எழுதும் முறை

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஒரு மனுவில் ஒரே பொருள் இருக்கட்டும். வசதி கேட்கும் மனுவிலேயே இடமாறுதல், நிலுவைத் தொகை, சக ஊழியரின் ஏளனப் பேச்சு என எல்லாவற்றையும் சேர்த்தால், கோப்பு நான்கு பிரிவுகளுக்குப் பிரிந்து போகும். ஒவ்வொரு பிரிவும் மற்றதன் குறிப்புக்காகக் காத்திருக்கும்.

"கருணை கூர்ந்து", "என் பரிதாப நிலையைக் கருதி" போன்ற சொற்களை நீக்கிவிடுங்கள். இவற்றைப் பணிவின் அடையாளமாக எண்ணித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கருணை கேட்ட மனுவை மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும். பின்வருமாறு எழுதலாம்:

"நான் இவ்வலுவலகத்தில் (பதவி) ஆகப் பணிபுரிந்து வருகிறேன். எனது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நகல் இணைக்கப்பட்டுள்ளது. எனது பணிகளுள் ஒன்றான (பணி) செய்வதில் (தடை) காரணமாக இடையூறு ஏற்படுகிறது. இதனை நீக்க (வசதி) வழங்குமாறு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 20(2) பிரிவின்கீழ் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மாற்றாக (இரண்டாவது வழி) வழங்கினாலும் என்னால் பணியை முழுமையாகச் செய்ய இயலும். இம்மனு கிடைத்த 15 நாட்களுக்குள் உரிய ஆணை பிறப்பிக்குமாறும், வழங்க இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

15 நாட்கள் என்பது சட்டம் வகுத்த கெடு அன்று. நீங்கள் குறிக்கும் நியாயமான காலம். அப்படி ஒரு நாளைக் குறிக்காவிட்டால், பதில் வராமல் இருப்பதை எந்த நாளிலிருந்து மறுப்பாகக் கொள்வது என்று பிறகு உங்களாலேயே சொல்ல முடியாது.

5. மனுவை அளிப்பதும் சான்று வைத்துக்கொள்வதும்

உரிய வழியாக, உங்கள் நேரடி மேலலுவலர் மூலம், அலுவலகத் தலைவருக்கு முகவரியிட்டுக் கொடுங்கள். தபால் பிரிவில் உங்கள் நகலின்மீது முத்திரை, தேதி, வரிசை எண் மூன்றும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், அன்றே ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் இன்னொரு பிரதியை அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்புவது நல்லதே. வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

6. காத்திருக்கும் நாட்களில் தகவல் உரிமை மனு

21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 23ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் இவை இரண்டும் உண்டா என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ள, பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

கொள்கையின் நகல், அது பதிவு செய்யப்பட்ட கடிதத்தின் நகல், குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, நியமன ஆணையின் நகல் ஆகிய ஆவணங்களை மட்டும் கேளுங்கள். புதிதாக எழுதுபவர்கள் "ஏன் நியமிக்கவில்லை?" என்று கேட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்பது தகவல் கோரிக்கை ஆகாது என்று மனுவைத் திருப்பிவிட அது போதும். "அவ்வாறான ஆணை எதுவும் இல்லை" என்ற பதில் வந்தால், பின்னால் உங்களுக்கு மிகவும் பயன்படும் தாள் அதுதான்.

7. குறைதீர் அலுவலரிடம் புகார்

நீங்கள் குறித்த நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது மறுப்பு வந்துவிட்டது என்றால் 23(2) பிரிவின்கீழ் புகார் கொடுங்கள். மத்திய அரசின் 2017 விதிகளின்படி குறைதீர் அலுவலர் அரசிதழ்ப் பதிவு பெற்ற நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அத்தகையவர் இல்லாத இடத்தில் மூத்த அலுவலரை நியமிக்கலாம். அவர் புகார்ப் பதிவேடு ஒன்றைப் பராமரித்து, பதிவான இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது.

"பதிவான" என்பதில்தான் காலக்கணக்கு தொடங்குகிறது. ஆகவே புகார் கொடுத்த அன்றே பதிவேட்டு வரிசை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவேடே இல்லை என்றால், பதிவேடு தொடங்கி என் புகாரைப் பதியுங்கள் என்று இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள்.

புகாரில் கதை வேண்டாம். கோரிக்கை கொடுத்த நாளும் எண்ணும், கேட்ட வசதி, வந்த பதில் அல்லது வராத பதில், அதனால் எந்தப் பணி எந்த நாளில் தடைபட்டது, இப்போது என்ன ஆணை வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். மறுத்த அலுவலரே குறைதீர் அலுவலராகவும் இருந்தால், அதை முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, வேறொருவரைக் கொண்டு விசாரிக்கும்படி துறைத் தலைவருக்கு நகல் அனுப்புங்கள். எவருமே நியமிக்கப்படவில்லை என்றால், அலுவலகத் தலைவருக்கே 23(1) பிரிவைச் சுட்டி எழுதுங்கள்.

முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அம்மனு பெரும்பாலும் உங்கள் அலுவலகத்துக்கே அறிக்கைக்காக வந்து சேரும். இந்தப் படிக்கு அது மாற்றாகாது.

8. மாவட்டக் குழுவும் மாநில ஆணையரும்

குறைதீர் அலுவலரின் நடவடிக்கையில் நிறைவில்லை என்றால், 23(4) பிரிவின்படி மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, குழு கூடும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். மத்திய அரசு ஊழியர்கள் புதுதில்லியில் உள்ள முதன்மை ஆணையரிடம் செல்ல வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் நேரில் வாதிடலாம். ஆணையர் அளிக்கும் பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கையை அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றாலும் அதற்கான காரணத்தை அதே காலத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

"எனக்கு நீதி வழங்க வேண்டும்" என்று முடியும் மனுவுக்கு, "சட்டப்படி பரிசீலிக்கவும்" என்ற பரிந்துரைதான் கிடைக்கும். அலுவலகம் அதைப் பரிசீலித்து மறுபடியும் மறுத்துவிடும். "தரைத்தளத்தில் உள்ள இன்ன பிரிவில் எனக்கு இருக்கை ஒதுக்கி ஆணையிட வேண்டும்" என்று, செய்தார்களா இல்லையா என்று எவரும் பார்த்துச் சொல்லக்கூடிய வடிவில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆணையரால் இடைக்காலத் தடை விதிக்க முடியாது என்று பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நாளையே விடுவிப்பு ஆணை வரப்போகிறது என்ற நிலையில் ஆணையரிடம் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது காலத்தை இழப்பதாகும்.

9. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவர்களுக்கு

எனக்கு மிகவும் கவலையளிக்கும் நிலை இதுதான். மற்ற வகைகளில் தவறைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இங்கே ஒரு கையெழுத்தில் வேலையே போய்விடும். பக்கவாதமோ விபத்தோ நேர்ந்து, மருத்துவமனையிலிருந்து வந்த சில வாரங்களில், "இனி உங்களால் முடியாது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், பணப்பலன் சீக்கிரம் வரும்" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். குடும்பமும் களைத்துப்போயிருக்கும். அந்த நிலையில் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

20(4) பிரிவு சொல்வது இது: பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆன ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது. பழைய பணிக்கு அவர் பொருந்தவில்லை என்றால், அதே ஊதிய விகிதமும் பணிப் பயன்களும் கொண்ட வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, எது முந்தியதோ அதுவரை, அவருக்கென ஒரு மிகைப் பணியிடத்தில் (கூடுதலாக உருவாக்கப்படும் இடத்தில்) வைத்திருக்கலாம்.

முதலாவது வேலை, விடுப்பை ஒழுங்காக வைப்பது. மருத்துவச் சான்றுடன் விடுப்பு விண்ணப்பத்தைக் குடும்பத்தார் மூலமாவது அனுப்பி, முடியும் முன்பே நீட்டிப்புக் கோருங்கள். அனுமதியின்றி வராதிருந்ததாக 17(பி) குறிப்பாணை (ஒழுங்கு விதிகளின்கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்துவிட்டால், உடல்நிலை பற்றிய விவகாரம் ஒழுங்கு நடவடிக்கையாகத் திசைமாறிவிடும்.

அடுத்து, மருத்துவக் குழுவுக்கு அனுப்பப்படும் முன்பே 20(4) பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப்பணி கோரும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். அக்கடிதத்தில், மருத்துவக் குழுவிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்: தற்போதைய பணிக்கு இவர் தகுதியானவரா, இல்லையெனில், எவ்வகைப் பணிகளைச் செய்ய இயலும்? அலுவலகம் முதல் கேள்வியை மட்டும் அனுப்பினால், குழுவும் "தகுதியற்றவர்" என்று ஒரே சொல்லில் பதில் தரும். அந்தச் சொல் நேராக இயலாமை ஓய்வூதியக் கோப்புக்குப் போய்விடும்.

பிறகு, உங்கள் ஊதிய நிலையில் உள்ள, உட்கார்ந்தோ வேறு வகையிலோ உங்களால் செய்யக்கூடிய பணியிடங்களின் பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். தேடும் பொறுப்பு அலுவலகத்துடையதே என்றாலும், பட்டியல் கையில் இருக்கும்போது "பொருத்தமான பணியிடம் இல்லை" என்று பொதுப்படையாக எழுத இயலாது.

ஏற்கெனவே இயலாமை ஓய்வூதியத்தில் அனுப்பப்பட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பணியின்போது காயமுற்றுக் காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில், அவ்வாறு ஓய்வூதியம் அளிக்கப்பட்டதே பாதுகாப்பை மறுக்கக் காரணமாகாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டத்தின் 47ஆம் பிரிவில் இருந்த பாதுகாப்புதான் இன்றைய 20(4).

மனநலப் பாதிப்பும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. மத்திய ரிசர்வ் காவல் படை அலுவலர் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாகுபாடாகும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. குறிப்பாணை வந்திருந்தால், விளக்கம் அளிக்கும்போதே சிகிச்சை விவரத்தைப் பதிவு செய்யுங்கள்; தயக்கத்தால் மறைத்துவிட்டு மேல்முறையீட்டில் சொல்வது பலவீனமாகிவிடும்.

10. நீதிமன்றம்

தமிழ்நாடு அரசு ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்ய வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் அங்கே செல்ல வேண்டும். துறைக்குள் கொடுத்த முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால், ஆறு மாதங்கள் கழிந்த பிறகு ஓராண்டு அவகாசம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் இத்தகைய குறிப்பிட்ட கெடு இல்லையென்றாலும் தாமதம் எதிராகவே பார்க்கப்படும். பணிநீக்கம், கட்டாய ஓய்வு, உடனடி விடுவிப்பு போன்றவற்றில் முந்தைய படிகள் முடியக் காத்திராமல் நேரடியாகச் சென்று தடை கோருங்கள்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். அங்கே செல்லும்போது முத்திரையிட்ட கோரிக்கை மனு, மறுப்புக் கடிதம், தகவல் உரிமைப் பதில், பதிவேட்டு எண்ணுடன் கூடிய புகார், ஆணையரின் பரிந்துரை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்க நாள்வரிசைப் பட்டியலை வைத்து எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு ஒதுக்கப்படும் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.